லேப்டாப்புக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி போடலாமா?

லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டும் பார்த்தாகிவிட்டது. பில் போடும் இடத்தில் கடைத் தம்பி மெல்ல ஆரம்பிப்பார்: "சார், இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டி சேர்த்துடலாமா? வெறும் ஐயாயிரம்தான். இஎம்ஐயில போட்டா மாசம் இருநூறு ரூபாதான் கூடும்." 55,000 ரூபாய் கொடுக்கத் துணிந்துவிட்ட நேரத்தில் 5,000 சின்னத் தொகையாகத்தான் தெரியும். அவருக்கும் அது தெரியும். லேப்டாப்பில் கடைக்குக் கிடைக்கும் லாபம் குறைவு. இந்த மாதிரிச் சேர்க்கைகளில்தான் அதிகம்.

அங்கேயே, அப்போதே முடிவு சொல்லியாக வேண்டுமா?

வேண்டியதில்லை. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். டெல், லெனோவா, எச்பி போன்ற நிறுவனங்கள் தங்கள் வாரண்டி நீட்டிப்பைத் தங்கள் இணையதளத்திலேயே விற்கின்றன. பெரும்பாலும் முதல் வாரண்டி உயிரோடு இருக்கும்வரை வாங்கிக்கொள்ளலாம். விபத்துச் சேதத்துக்கான திட்டங்களுக்கு மட்டும் கெடு குறுகலாக இருக்கும். ஆப்பிளின் ஆப்பிள்கேர் பிளஸ், லேப்டாப் வாங்கி 60 நாளுக்குள் எடுக்க வேண்டியது. எனவே "யோசித்துச் சொல்கிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மட்டும் வாங்கி வந்தால் எதுவும் கெட்டுப்போகாது. வீட்டில் உட்கார்ந்து, நிபந்தனைகளைப் படித்து, இரண்டு வாரம் கழித்துக்கூட முடிவு செய்யலாம்.

லேப்டாப்போடு ஏற்கெனவே என்ன வாரண்டி வருகிறது?

இந்தியாவில் சாதாரண லேப்டாப்புகளுக்குப் பொதுவாக 1 ஆண்டு. அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் சில மாடல்கள் 3 ஆண்டு வாரண்டியோடே வரும். எத்தனை ஆண்டாக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான்: நீங்கள் ஒழுங்காகப் பயன்படுத்தியும் உள்ளே இருக்கும் பாகம் தானாகக் கெட்டுப்போனால், நிறுவனம் காசு வாங்காமல் சரிசெய்யும் அல்லது மாற்றித் தரும்.

இதில் 'தானாக' என்பதுதான் முக்கியம். உங்கள் கை, உங்கள் வீட்டுக் குழந்தை, உங்கள் காபி டம்ளர், உங்கள் ஊர் கரண்ட் ஆகியவை செய்தது எதுவும் இதில் வராது.

அப்படியானால் எக்ஸ்டெண்டட் வாரண்டியில் காபி கொட்டினால் சரிசெய்து தருவார்களா?

தர மாட்டார்கள். பலர் ஏமாறும் இடம் இது. எக்ஸ்டெண்டட் வாரண்டி என்பது அதே வாக்குறுதியின் காலத்தை நீட்டுவது மட்டும். அதன் வரம்பை அகலமாக்குவது அல்ல. முதல் ஆண்டில் எது கிடைக்காதோ, அது மூன்றாம் ஆண்டிலும் கிடைக்காது.

காபி, கீழே விழுதல், ஸ்கிரீன் உடைதல் ஆகியவற்றுக்கு வேறு திட்டம் வாங்க வேண்டும். அதற்கு ஆக்சிடென்டல் டேமேஜ் புரொடெக்‌ஷன் (விபத்துச் சேதப் பாதுகாப்பு) என்று பெயர். இரண்டையும் கடைகளில் ஒரே மூச்சில் 'வாரண்டி' என்றே சொல்லி விற்பதால் குழப்பம் வருகிறது. "இதில் விபத்துச் சேதம் உண்டா, இல்லையா? உண்டென்றால் ஆண்டுக்கு எத்தனை முறை? ஒவ்வொரு முறையும் நான் கட்ட வேண்டியது எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள். விபத்துத் திட்டங்கள் சிலவற்றில் ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு கட்டணம் உண்டு. ஆப்பிள்கேர் பிளஸில்கூட ஸ்கிரீன் உடைந்தால் முழு இலவசம் இல்லை. குறைந்த கட்டணம், அவ்வளவுதான்.

வேறு எதெல்லாம் வராது?

பேட்டரியிலிருந்து தொடங்கலாம். அது தேயும் பொருள். மற்ற பாகங்களுக்கு 3 ஆண்டு நீட்டினாலும் பேட்டரிக்கு 1 ஆண்டோடு முடித்துவிடும் திட்டங்கள் நிறைய. ஆனால் மூன்று ஆண்டில் கிட்டத்தட்ட நிச்சயமாகச் செலவு வைக்கும் பாகம் அதுதான். திட்டத்தில் பேட்டரி உண்டா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

ஏற்ற இறக்கமான மின்சாரம், இடி மின்னல், உள்ளே புகுந்த எறும்பு, பூச்சி, வெளி ஆட்கள் திறந்து பார்த்தது, திருட்டு, தொலைத்தல் எல்லாம் வழக்கமாக விலக்குப் பட்டியலில் இருக்கும். உள்ளே இருக்கும் உங்கள் ஃபைல்களும் அப்படித்தான். டிஸ்க் கெட்டால் புது டிஸ்க் வரும். மகளின் கல்யாண போட்டோ வராது. மாற்றிய பழைய டிஸ்க்கை நிறுவனமே எடுத்துக்கொள்வதும் வழக்கம். கணக்கு வழக்கு, நோயாளிகளின் விவரம் போன்றவற்றை லேப்டாப்பில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்த வாரண்டி போட்டாலும் போடாவிட்டாலும், ஃபைல்களுக்கு இன்னொரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும்.

அதிகம் தகராறு வருவது ஹிஞ்ச் (ஸ்கிரீனையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் கீல்) விஷயத்தில்தான். பல மாடல்களில் இந்த உலோகக் கீலைப் பிளாஸ்டிக் உடலில் பதித்த சிறு பித்தளை நட்டுகள்தான் பிடித்துக்கொண்டிருக்கும். நாள்பட நாள்படக் கீல் இறுகும். மூடியைத் தூக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் வெடித்து, ஓரத்தில் நூலளவு இடைவெளி தெரியும். நீங்கள் "தானாக உடைந்தது" என்பீர்கள். சர்வீஸ் சென்டரில் போட்டோ எடுத்துப் பார்த்துவிட்டு "பிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது" என்பார்கள். இடைவெளி தெரிந்த அன்றே கொண்டுபோனால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஸ்கிரீன் விரிசல் விடும்வரை திறந்து மூடிக்கொண்டிருந்தால் வழக்கு அநேகமாகக் கைவிட்டுப் போகும்.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். "நான் எதையும் கொட்டவே இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். அடிமூடியைக் கழற்றி, கீபோர்டு கேபிள் சேரும் இடத்தில் பச்சை பூத்திருப்பதைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும். கடலோர ஊர்களில் ஈரக் காற்றுக்கே உலோக முனைகள் அரித்துப்போவது உண்டு. அது எப்படி வந்தது என்ற வாதத்தில் ஜெயிப்பது கஷ்டம்.

இந்த வாரண்டியை உண்மையில் தருவது யார்?

லேப்டாப் கம்பெனி தருகிறதா, கடை தருகிறதா, மூன்றாவதாக வேறொரு நிறுவனமா? பில்லில் பாருங்கள். கடைகளில் விற்கும் திட்டங்களில் பல, மூன்றாம் தரப்பு நிறுவனங்களுடையவை. பழுது வந்தால் முதலில் அவர்களுக்குப் போன் செய்ய வேண்டும். அவர்கள் அனுமதி தந்த பிறகே வேலை தொடங்கும். உண்மையான கம்பெனிப் பாகத்தைப் போடுவார்களா என்பதும் நிபந்தனையில்தான் இருக்கும்.

இவற்றில் ஒரு நுணுக்கம் தேய்மானம். சில திட்டங்கள், லேப்டாப் பழசாகப் பழசாக அதன் மதிப்பை ஆண்டுக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொண்டே வரும். பழுதுச் செலவு அந்தக் குறைந்த மதிப்பைத் தாண்டினால், சரிசெய்வதற்குப் பதில் ஒரு தொகையையோ அதே கடையில் செல்லும் வவுச்சரையோ கையில் கொடுத்து முடித்துக்கொள்வார்கள். 55,000-க்கு வாங்கிய லேப்டாப்புக்கு மூன்றாம் ஆண்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதை வாங்கும்போதே எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், போடுவதாக இருந்தால் லேப்டாப் தயாரித்த கம்பெனியின் திட்டத்தையே போடுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் கடை மூடினாலும், இடைத்தரகு நிறுவனம் மாறினாலும், உங்கள் சீரியல் எண்ணில் அந்த வாரண்டி பதிந்திருக்கும்.

லேப்டாப் கெட்டுப்போக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?

அமெரிக்காவில் ஸ்கொயர்டிரேட் என்ற நிறுவனம் 2009-இல் சுமார் 30,000 லேப்டாப்புகளின் கணக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுக்குள் 31 சதவீத லேப்டாப்புகளில் பழுது வந்திருந்தது. மொத்தத்தில் 20 சதவீதம் சொச்சம் தானாகக் கெட்டவை. சுமார் 11 சதவீதம் விழுந்தும் நனைந்தும் கெட்டவை. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கொயர்டிரேட்டே வாரண்டி விற்கும் நிறுவனம். கணக்கும் பழையது. அப்போது சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தது. இன்று அந்த இடத்தில் அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி இருக்கிறது. ஆனாலும் ஒரு குத்துமதிப்புக்கு உதவும்: வாரண்டி விற்பவரின் கணக்குப்படியே, ஐந்தில் நான்கு லேப்டாப்புகள் மூன்று ஆண்டு தானாகக் கெடாமல் ஓடியிருக்கின்றன. கெட்ட அந்த ஒன்றிலும் முதல் ஆண்டில் கெட்டதைக் கழிக்க வேண்டும். அதற்கு இலவச வாரண்டியே இருக்கிறதே.

கணக்கு எப்படிப் போடுவது?

வாரண்டியின் விலையை, நீங்கள் பயப்படும் பழுதின் செலவால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, திட்டம் 5,000 ரூபாய். மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் வந்து சேரும் முதன்மைப் பலகை) மாற்ற 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் ஒரு வாய்ப்பு வருகிறது. அதாவது உங்களைப் போல நான்கு பேர் வாங்கினால், அதில் ஒருவருக்காவது மதர்போர்டு போனால்தான் போட்ட காசுக்குச் சமமாகும். மேலே பார்த்த கணக்குப்படி அவ்வளவு பேருக்குப் போவதில்லை. கீபோர்டு, சார்ஜர், விசிறி போன்ற சின்னப் பழுதுகளுக்கு வரும் சில ஆயிரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வாரண்டி இன்னும் நஷ்டம்.

உங்கள் மாடலுக்கு மதர்போர்டு என்ன விலை என்பதை ஊகிக்கத் தேவையில்லை. கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு, மாடல் பெயரைச் சொல்லி, "வாரண்டி இல்லாவிட்டால் போர்டு மாற்ற எவ்வளவு, ஸ்கிரீன் மாற்ற எவ்வளவு?" என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

எல்லா லேப்டாப்புக்கும் ஒரே பதிலா?

இல்லை. லேப்டாப்பின் உள்ளமைப்பு முக்கியம். கொஞ்சம் தடிமனான மாடல்களில் ராம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி, வைஃபை அட்டை எல்லாம் தனித்தனியாகச் செருகியிருக்கும். ஒன்று போனால் அதை மட்டும் மாற்றலாம். மெலிதான மாடல்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. மேக்புக் ஏரில் சேமிப்புச் சிப்பும் அப்படித்தான். அங்கே ஒரு சிப் போனாலும் கம்பெனி சர்வீஸ் சென்டர் முழுப் போர்டையும் மாற்றச் சொல்லும். ஒரு லட்சத்துக்கு மேல் விலை, எல்லாம் பற்றவைத்தது, வெளியில் பாகம் கிடைக்காது என்றால் வாரண்டிப் பக்கம் தராசு சாயும்.

வெளிக் கடையில் சரிசெய்து கொள்ள முடியாதா?

முடியும். வாரண்டியின் உண்மையான போட்டியாளர் அதுதான். சென்னை ரிச்சி தெருவில் 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை வைத்த கடைகளைப் பார்த்திருப்பீர்கள். முழுப் போர்டையும் மாற்றாமல், எந்த சிப், எந்த கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது என்று மீட்டர் வைத்துத் தேடி, அதை மட்டும் சூடுகாட்டி எடுத்துவிட்டு வேறு போடுவார்கள். கம்பெனி கேட்பதில் சிறு பகுதிதான் செலவாகும். கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அரைகுறைகளும் இருக்கிறார்கள், அங்கே போன போர்டு அடுத்த மாதமே மீண்டும் படுத்துவிடும். உங்கள் ஊரில் நம்பகமான ஒருவரைத் தெரியும் என்றால், இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்கு வாரண்டி இல்லாமலே ஓட்டிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிக் கடையில் பழுது பார்க்கத் திறக்காதீர்கள். பின்னால் வரும் எந்தப் பழுதுக்கும் அதையே காரணம் காட்டுவார்கள்.

நான் சிறிய ஊரில் இருக்கிறேன். வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா?

ஆன்சைட் (வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பது), கேரி-இன் (நாமே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவது) என்று இரண்டு வகை உண்டு. விளம்பரத்தில் ஆன்சைட் என்று இருந்தாலும் உங்கள் பின்கோடுக்கு அது உண்டா என்று கேளுங்கள். சர்வீஸ் சென்டர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், பஸ் செலவும் இரண்டு நாள் சம்பளமும் வாரண்டியின் விலையில் சேரும். அதே சமயம், உங்கள் பின்கோடுக்கு ஆன்சைட் உறுதியாக உண்டென்றால், பெரிய ஊர்க்காரரைவிட உங்களுக்குத்தான் அது அதிகம் பயன்படும். நல்ல மெக்கானிக் பக்கத்தில் இல்லையே.

துபாயிலிருந்து அண்ணன் வாங்கி வந்தால்?

அங்கே கடையில் போட்டுத் தந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி பெரும்பாலும் அந்த ஊர்க் கடைக்குத்தான் செல்லும். கம்பெனியின் சர்வதேச வாரண்டி சில மாடல்களுக்கு மட்டும் உண்டு. வாங்கும் முன் அண்ணனிடம் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, கம்பெனியின் இந்திய உதவி எண்ணில் கேட்டுவிடுங்கள்.

சரி, யார் போடலாம், யார் விடலாம்?

விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, பையில் போட்டுப் பஸ்ஸில் அலைபவர், வீட்டில் சின்னக் குழந்தை உள்ளவர் ஆகியோருக்கு வெறும் நீட்டிப்பைவிட விபத்துப் பாதுகாப்புதான் தேவை. அதை எடுங்கள். லேப்டாப் நின்றால் வருமானமே நிற்கும் என்பவர்கள், மறுநாளே ஆள் அனுப்பும் ஆன்சைட் திட்டத்துக்குக் காசு கொடுக்கலாம். அவர்கள் வாங்குவது பழுதுச் செலவை அல்ல, நாட்களை.

40,000, 50,000 ரூபாய் லேப்டாப்பை மேசையில் வைத்தே பயன்படுத்துபவர், கெட்டால் 15,000 செலவழிக்க முடிகிறவர் விட்டுவிடலாம். அந்த 5,000-ஐத் தனியாக எடுத்துவையுங்கள். மூன்றாம் ஆண்டில் பேட்டரிக்கு அது நிச்சயம் உதவும், வாரண்டி உதவியிருக்காது. ஒரே செலவில் 15,000 புரட்ட முடியாத குடும்பம் என்றால் என் பதில் வேறு. சராசரிக் கணக்கில் நஷ்டம் என்றாலும், அந்தக் குடும்பத்துக்கு வாரண்டி போடுவது தப்பில்லை.

போட்டுவிட்டால் என்ன கவனிக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் அடிப்பக்கத்தில் உள்ள சீரியல் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். சில சமயம், லேப்டாப் கடைக்கு அனுப்பப்பட்ட தேதியிலிருந்தே கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் வாங்கும் முன்பே இரண்டு மூன்று மாதம் கரைந்திருக்கும். பில்லை அனுப்பினால் திருத்தித் தருவார்கள். நீட்டிப்பும் அதே பக்கத்தில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள், கேட்காமலே கூடையில் வாரண்டி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பணம் கட்டுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அப்படிச் சேர்ப்பதை, 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதிமுறைகள் தடை செய்கின்றன.

வாரண்டி இருந்தும் மறுத்தால்?

வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். மறுப்பதற்கான காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். லேப்டாப்பைக் கொடுக்கும் முன்பே நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

வாரண்டியை நீட்டினாலும் நீட்டாவிட்டாலும், முதல் ஆண்டின் 11-ஆம் மாதத்தில் லேப்டாப்பை ஒரு முறை முழுக்கச் சோதித்துவிடுங்கள். எல்லா யூஎஸ்பி துளையிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்துங்கள். கேமரா, மைக், ஸ்பீக்கர் வேலை செய்கிறதா, விசிறி இரைகிறதா, கீல் ஓரம் விரிந்திருக்கிறதா, பேட்டரி முதலில் இருந்ததில் பாதி நேரத்துக்குத்தான் வருகிறதா என்று பாருங்கள். சின்னக் குறை என்று பொறுத்துக்கொண்டிருந்ததை எல்லாம் அந்த மாதத்தில் இலவசமாகச் சரிசெய்து கொள்ளலாம். பில்லில் உள்ள தேதியைப் பார்த்து, அந்த மாதத்துக்கு ஒரு நினைவூட்டலைப் போனில் இன்றே போட்டுவையுங்கள்.